பொட்டலக்காரன்

தேயிலைத் தோட்டத்து மேற்கணக்கில், லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பன் என்று ஒருத்தன் இருந்தான். சிலருக்குச் செத்துப்போயிருந்தான், சிலருக்குக் கொழும்பில் கடைவேலையில் இருந்தான், சிலருக்குக் குடித்துவிட்டு வாசலிலேயே கிடந்தான். ஜீவராணிக்கு மட்டும் அப்பன் கப்பல் ஏறியிருந்தான். பள்ளிக்கூடத்தில் பேர் பதிந்த நாள் தொட்டு, நாற்பத்து மூன்று வயதாகித் தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்க்கும் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்த போன வருஷம் வரை, யார் கேட்டாலும் அவள் சொன்ன பதில் அதுதான். "இந்தியாவுக்குப் போயிட்டாருங்க." கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. பெண்டாட்டியையும் கைப்பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடினவன் என்பதை வாய் திறந்து சொல்லாமல் முகத்தால் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்பன் கந்தப்பன் போனபோது அவளுக்கு ஒன்றரை வயது. எண்பத்து மூன்றாம் வருஷம். தோட்டத்தில் பாதிப்பேர் இந்தியாவுக்குப் போகக் கடுதாசி வாங்கிக்கொண்டு, கப்பலுக்கு எப்போது நாள் வரும் என்று மூட்டை கட்டிக் காத்திருந்த காலம். கந்தப்பன் வீட்டுக்கும் மூன்று பேருக்குமாக ஒரே பாஸ்போர்ட் வந்திருந்தது. அதில் ஒட்டுவதற்கென்று கண்டியில் போய் எடுத்த படம்தான் அவன் ஆயுசில் எடுத்த ஒரே படம். அந்தப் பாஸ்போர்ட்டோடுதான் ஆள் மறைந்தான். ஏதோ வெளிவேலைக்கென்று லொறியில் போனவன் தெமோதரையில் இறங்கி ரயில் ஏறிவிட்டான் என்று கங்காணி வந்து சொன்னார். ஆறு மாதத்தில் பதுளைப் பக்கம் கலவரத்தில் எரிந்தது. அதற்குப் பிறகு கப்பலும் நின்றது. ஒரு மனுஷன் எங்கே போனான் என்று விசாரிக்க யாருக்கு நேரம் இருந்தது?

அவள் அம்மா ரெங்கம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்து. சீனி வியாதி ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே கண் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. கண் தெரியாவிட்டாலும் காலையில் முகம் கழுவியதும் தானே தொட்டுப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வாள். வைத்து முடித்த கையோடு, "எங்க கெடக்கானோ, எவகூட கெடக்கானோ, நல்லாவே இருக்கமாட்டான்" என்று சாபமும் கொடுப்பாள். இரண்டும் அவளுக்கு ஒரே வேலை. கல்யாண வீடுகளில் ஆலாத்தி எடுக்க அவளைக் கூப்பிடுவதில்லை, கருமாதி வீடுகளில் தாலி அறுத்தவர்களோடு உட்கார வைப்பதும் இல்லை. நடுவில் ஒரு பலகையைப் போட்டு உட்காரச் சொல்வார்கள். ஜீவராணிக்குக் கொஸ்லந்தையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, அப்பன் போன வழியில் மகளும் ஒருநாள் போய்விட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்டு, நின்றுபோயிற்று. அதோடு அவளும் கல்யாணப் பேச்சை விட்டுவிட்டாள். தன்னைப் பெற்றவனை அவள் அளவுக்கு வெறுத்த ஒருத்தி அந்த மலையில் இருந்திருக்க மாட்டாள்.

ஸனூஸ் வந்தது போன கார்த்திகையில், ஒரு புதன்கிழமைப் பகல். பதுளையில் ரேடியோ, டிவி திருத்துகிற கடைக்காரர். ஒரு காலத்தில் அந்தக் கடையில் வீடியோ கேசட்டும் டெக்கும் வாடகைக்குக் கொடுத்ததனால் சுற்றுவட்டத் தோட்டமெல்லாம் அவருக்கு அத்துப்படி. மடுவத்தின் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே போனை நீட்டினார்.

"தங்கச்சி, இந்தப் பாறைய எங்கயாலும் கண்டீக்கிறீங்களா?"

பார்த்தால் கோயிலுக்கு மேலே உள்ள மொட்டைப் பாறை. "நம்ம பாறைதான் நானா. எதுக்கு?" என்றாள் ஜீவராணி.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திண்டில் உட்கார்ந்து கதையை அவிழ்த்துவிட்டார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பனி இந்த மலைக்கு வந்து ஒரு படம் எடுத்திருக்கிறது. குட்டி விமானம் ஒன்று மலையில் விழுகிறது, ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சாப்பாடு இல்லை, வழி தெரியவில்லை, காட்டுமிராண்டிகள் வேறு ஈட்டியோடு துரத்துகிறார்கள். ஒன்பது எட்டாகி, ஏழாகி, கடைசியில் இரண்டு பேர் ஊர்ந்து ஊர்ந்து கடற்கரைக்கு வருகிறார்கள். அவ்வளவுதான் படம். எந்தத் தியேட்டரிலும் ஓடவில்லை. சில நூறு கேசட் போட்டு விற்றதோடு கம்பனியும் படுத்துவிட்டது. அதில் ஒரு கேசட் மத்திய கிழக்கிலிருந்து வந்த யாரோ ஒருவரின் பெட்டியோடு ஸனூஸின் கடைக்கு வந்து, ஒருத்தரும் எடுத்துப் பார்க்காமல் முப்பது வருஷம் மேல்தட்டில் கிடந்திருக்கிறது.

"இப்ப அதுக்கு வெளிநாட்டில அடிபிடி தங்கச்சி. பழைய படம் சேக்கிற ஆக்கள் ஈக்காங்க. நானும் இன்டநெட்டில பாத்துத்தான் அறிஞ்சேன். ஒலகத்தில நாலு கேசட்தான் மிச்சம் ஈக்காம்."

"அவ்வளவு நல்ல படமா நானா?"

"படம் குப்ப. பாக்கிறதுக்கில்ல, வச்சீக்கிறதுக்கு. மத்தவனிட்ட இல்லாதது தன்னிட்ட ஈக்கணும், அதான் அவங்கட வெளையாட்டு."

அப்புறம் அவர் போனில் அந்தப் படத்தின் ஒரு துண்டைப் போட்டுக் காட்டினார். பன்னிரண்டு செக்கன்தான். மொட்டைப் பாறையின் மேல் ஒரு காட்டுமிராண்டி ஓடி வருகிறான். இடுப்பைச் சுற்றி இலை, முகத்தில் கண்ணைத் தவிர எல்லா இடமும் வெள்ளைச் சுண்ணாம்பு, கையில் ஈட்டி. ஓடுகிற ஓட்டத்தில் இலை விலகுகிறது. இடுப்பில் சிவப்புத் துணியால் கட்டிய ஒரு பொட்டலம், உரப்பை பிளாஸ்டிக்கில் சுற்றியது, வெயிலில் பளபளக்கிறது. ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான், கால் வழுக்குகிறது, கீழே போகிறான். நீளமாக ஓர் அலறல். அதோடு சரி.

"காட்டுமிராண்டிக்கு எங்கால பிளாஸ்டிக்?" என்று ஸனூஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். "இவனுக்கு அவங்க பேரே வச்சீக்காங்க, பொட்டலக்காரன் எண்டு. இவனாலதான் படத்துக்கே மவுசு. ஒண்டு இந்தப் பகிடி. மத்தது இவன் விழுற விழுகை. நடிப்பில்ல, ஆள் நெசமாவே விழுந்து மவுத்தாகிட்டான் எண்டு பாதிப்பேர் செல்றாங்க. இல்ல, பொம்மையத் தள்ளினது எண்டு மத்தாக்கள். இருவது வருஷமா இதே சண்ட."

ஜீவராணியும் சிரித்தாள். சிரிப்பு வரத்தான் செய்தது, அவள் என்ன செய்வாள்? அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பின்னால் பட்ட வேதனை கொஞ்சமில்லை. அந்தப் படத்தில் வேலை செய்த பழைய ஆட்கள் யாராவது இருந்தால் காட்டிக் கேளுங்கள் என்று அந்தத் துண்டை அவள் போனுக்கு அனுப்பிவிட்டு ஸனூஸ் பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்.

அன்று ஐந்து மணிக்கு ரொட்டி தட்டிக்கொண்டே அவள் அம்மாவிடம் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். நம் பாறையில் படம் பிடித்தார்களாம், காட்டுமிராண்டி இடுப்பில் பிளாஸ்டிக் பொட்டலமாம், உலகமே சிரிக்கிறதாம். அடுப்புப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ரெங்கம்மா சிரிக்கவில்லை. நீட்டிய காலை மடக்கிக்கொண்டு, "என்ன பொட்டலம்?" என்றாள்.

"உர பேக்குக்கு உள்ளுக்கு வருமே, அந்தப் பிளாஸ்டிக்கும்மா. சதுரமா, தட்டையா இருக்கு."

"எதுல கட்டியிருக்கு?"

"துணியில. செவப்புத் துணி."

"எத்தன சுத்து?"

இந்தக் கேள்வி ஏன் என்று விளங்காமலே ஜீவராணி மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தாள். "ரெண்டு சுத்து."

"முடிச்சு எந்தப் பக்கம்?"

"எடது பக்கம். இடுப்பு எலும்புகிட்ட."

ரெங்கம்மாவின் கை தன் இடுப்பின் இடப்பக்கத்துக்குப் போய் அங்கேயே நின்றது. கல்லில் கிடந்த ரொட்டி கருகியது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"அந்த முடிச்ச நான்தான் போட்டேன்," என்றாள் ரெங்கம்மா.

அதற்குப் பிறகுதான் ஜீவராணி முதன்முறையாக முழுக்கதையையும் கேட்டாள். பாஸ்போர்ட் வந்த மாதத்தில், அடுத்த லயத்தில் ஒருத்தருடைய கூரை ஒழுகி, பெட்டிக்குள் இருந்த கடுதாசியெல்லாம் ஊறிப்போய், அவர்கள் கப்பலைத் தவறவிட்டார்கள். அந்தப் பயம் எல்லா வீட்டையும் பிடித்துக்கொண்டது. கடுதாசி இல்லாதவன் இந்த நாட்டுக்காரனும் இல்லை, அந்த நாட்டுக்காரனும் இல்லை. ரெங்கம்மா தன் கூறைச்சேலையில் ஒரு முழம் கிழித்து, பிளாஸ்டிக்கில் சுற்றிய பாஸ்போர்ட்டைப் புருஷன் இடுப்பில் கட்டிவிட்டாள். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனாலும் குளிக்கப் போனாலும் அவிழ்க்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். அப்புறம் தோட்டத்துத் தொரை பத்து ஆம்பிளைகளை ஐந்து நாளைக்கு வெள்ளைக்காரனிடம் கொடுத்தார். மலையைச் சுற்றிப் போன லொறியில் பத்துப் பேர் போய் ஒன்பது பேர் திரும்பினார்கள், கங்காணி சொன்ன ரயில் கதையையே அவர்களும் சொன்னார்கள்.

"நான் கட்டிவிட்டதையே கட்டிக்கிட்டு என்னை விட்டுட்டு ஓடிட்டானேன்னுதான் புள்ள எனக்கு ஆறல. நாப்பது வருசம். அவரு எங்கயும் போகலயா? இங்கதான் கெடந்தாரா?"

அவரு. அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை ஜீவராணி அதுவரை கேட்டதில்லை.

அம்மா கேட்டபடி அவள் அந்தத் துண்டைப் போட்டுக் காதருகில் பிடித்தாள். அலறல் வந்ததும் ரெங்கம்மா தலையை ஆட்டினாள். "இது அவரு சத்தமில்ல." சத்தமெல்லாம் பிறகு வேறு ஆளை வைத்துச் சேர்ப்பார்கள் என்று மகள் விளக்கினாள். ரெங்கம்மா அதைக் காதில் வாங்கினாளோ என்னவோ, அவளுக்கு வேண்டியது வேறு. "விழுந்தவரு எந்திரிச்சாரா?"

துண்டு விழுவதோடு முடிந்துவிடுகிறது. எழுந்தானா இல்லையா என்று அதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து லீவு போட்டுவிட்டு ஜீவராணி பதுளைக்குப் பஸ் ஏறினாள். அவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டும், அந்தப் படத்தை முழுதாகப் பார்த்து அப்பனுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். செத்திருந்தால் செத்தவனாக அவனுக்கு ஒரு கருமாதி செய்ய வேண்டும். ஓடிப்போனவன் என்ற பேரை ஊர் வாயிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும். வழியெல்லாம் இதையே மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டு போனாள்.

அவள் சொன்னதைக் கேட்டு ஸனூஸ் ஸ்குரூட்றைவரைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அல்லாஹ்! நான் உங்கட முன்னுக்கே சிரிச்சேனே தங்கச்சி." பாவம், நல்ல மனுஷன், கண் கலங்கிவிட்டது. ஆனால் கேசட் அவரிடம் இல்லை. போன மாதமே டென்மார்க்கில் இருக்கும் யோஹான் என்பவருக்கு விற்று அனுப்பியாயிற்று. கடையில் ஓடுகிற டெக்கும் இல்லாததால் பிரதி எடுக்கவும் முடியவில்லை. துண்டுகூட, இன்டநெட்டில் பல வருஷமாகச் சுற்றுவதை எடுத்து, பாறையைத் தேடச் சொல்லி யோஹான் அனுப்பியதுதான். பின்னேரம் அவருடைய மகள் ஆதிலா பள்ளியிலிருந்து வந்ததும் யோஹானுக்கு வீடியோ கோல் எடுத்தார்கள். ஆதிலா ஆங்கில டீச்சர்.

யோஹான் தாடி வைத்த, மெதுவாகப் பேசுகிற மனுஷன். அவனுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரைக்கும் கேசட்டாக அடுக்கியிருந்தது. ஜீவராணி சொல்லச் சொல்ல, ஆதிலா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தான். நடிப்பில்லை, நிஜமாகவே துடைத்தான். துடைத்து முடித்துவிட்டு, இதைப் பதிவு செய்யலாமா என்று கேட்டான்.

"எங்கப்பா எந்திரிச்சாரான்னு கேளுங்க டீச்சர்."

கேசட் கைக்கு வந்ததிலிருந்து யோஹான் அந்தப் படத்தை இருபது முப்பது தடவை பார்த்திருக்கிறான். கேட்டவுடன் சொன்னான். விழுந்த பிறகு கமரா கீழே போய் நாலு செக்கன் நிற்கிறது. ஆள் குப்புறக் கிடக்கிறான், அசைவில்லை. அடுத்த காட்சியில் விமானத்து ஆட்கள் கிழங்கு சுடுகிறார்கள். அதற்கு இருபது நிமிஷம் முன்னால் இன்னொரு காட்சி இருக்கிறது. காட்டுமிராண்டிகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், சுண்ணாம்பு பூசாத முகத்தோடு ஓரத்தில் இருக்கும் ஒருவனின் இடுப்பிலும் அந்தப் பொட்டலம் தெரியும். பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பான். படப்பிடிப்பு எந்தத் தேதியில் நடந்தது என்ற அட்டவணைகூட அவனிடம் இருந்தது. பாறைக் காட்சி 1983 பெப்ரவரி 12, சனிக்கிழமை. கந்தப்பன் விழுந்த நாள் அவன் பெண்டாட்டிக்கும் மகளுக்கும் தெரியாது, டென்மார்க்கில் ஒரு தாடிக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

சுண்ணாம்பு பூசாத முகம் என்றதும் ஜீவராணியால் உட்கார முடியவில்லை. தன் அப்பன் முகத்தை அவள் பார்த்ததே கிடையாது. "அந்த ரெண்டு எடத்த மட்டும் அனுப்பச் சொல்லுங்க டீச்சர். முழுப் படமும் வேணாம். கும்புட்டுக் கேக்கிறேன்னு சொல்லுங்க."

யோஹான் சங்கடப்பட்டான். கேசட்டை வாங்கியது அவன் மட்டுமில்லை, மூன்று பேர் சேர்ந்து. வேறு எந்தப் பகுதியையும் வெளியே விடுவதில்லை என்று தங்களுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். துண்டு துண்டாக வெளியே போய்விட்டால் அப்புறம் அதை வைத்திருப்பதில் என்ன இருக்கிறது? மற்ற இருவரிடமும் கட்டாயம் கேட்பதாகச் சொன்னான். அப்புறம் அவன் கமராவுக்குக் கிட்டே வந்தான். அவன் கண் அப்போது வேறு மாதிரி மின்னியது. ஆதிலா கொஞ்சம் தயங்கித்தான் அதைத் தமிழில் சொன்னாள்.

"அப்ப அந்த விழுகை உண்மைதானா எண்டு கேக்கிறார். நீங்க உங்கட வாயால சொன்னா, மத்த ரெண்டு பேருக்கும் போட்டுக் காட்டலாமாம்."

சொன்னால் மனம் இரங்குவார்கள் என்று ஜீவராணி நினைத்தாள். கேட்கிறவனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டால் அவன் ஞாயம் பார்ப்பான் என்றுதான் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நினைப்பார்கள், எத்தனை தடவை ஏமாந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள். போனைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது எங்கப்பா. பேரு கந்தப்பன். பொட்டலத்துல இருக்கிறது எங்க பாஸ்போர்ட். எங்கம்மா கட்டிவிட்டது."

அந்த நாற்பது செக்கன் பேச்சு ஒரு வாரத்தில் உலகத்தைச் சுற்றிவிட்டது. பொட்டலக்காரனின் மகள் கிடைத்துவிட்டாள், விழுகை உண்மை, பொம்மைக் கட்சி தோற்றது. இருபது வருஷச் சண்டை முடிந்ததில் அவர்களுக்குள் அப்படி ஒரு கொண்டாட்டம். ஆதிலா சிலதை வாசித்துக் காட்டினாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். அனுதாபமும் நிறையத்தான் இருந்தது, இதயம் இதயமாகப் போட்டிருந்தார்கள். ஆனால் நேற்றுவரை குப்பைப் படமாக இருந்தது இன்றைக்கு ஒரு மனுஷன் நிஜமாகச் செத்த படமாகிவிட்டது. மிச்சமிருந்த நாலு கேசட்டுக்கும் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. மற்ற இரண்டு பங்காளிகளும் யோஹானிடம் முடியாது என்றார்கள். வக்கீல் வேறு, இதில் வழக்கு வரலாம், ஒரு செக்கன்கூட வெளியே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டாராம். கேசட்டை ஒரு வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். யோஹான் பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தான். அவள் வாயைத் திறந்ததுதான் அந்தப் பூட்டைப் போட்டது.

கிராம சேவகரிடம் போனாள். அவர் பொறுமையாக உட்கார வைத்துக் கேட்டார். துண்டையும் இரண்டு தடவை பார்த்தார். "பாவம்தான் அக்கா. ஆனா படத்தில விழுந்ததுக்கு எப்படி நான் மரணச் சான்று எழுத? படத்தில ஆயிரம் பேர் விழுறான். முகமும் தெரியல்ல." கூடப் போன ஒன்பது பேரில் யாராவது சாட்சி சொன்னால் பார்க்கலாம் என்றார். நாலு பேர் அந்த வருஷமே கப்பலில் போய்விட்டார்கள். மிச்சப் பேரும், கங்காணியும், மண்ணுக்குள் இருந்தார்கள். பாறைக்குக் கீழே போய்த் தேடலாம் என்றால், அந்தப் பள்ளம் இரண்டு தடவை மண் சரிந்து மூடி, இப்போது அதன் மேல் பைனஸ் ஊசியிலை மரங்கள் நின்றன. லயத்தில் கொஞ்சப் பேர் வந்து அந்தத் துண்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். கொஞ்சப் பேர், வெள்ளைக்காரன் எவ்வளவு தந்தான் என்று கேட்டார்கள். ஜீவராணி பிள்ளை மடுவத்தில் தூங்குகிற குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். இத்தனை வருஷம் வெறுத்ததற்கு மன்னிப்புக் கேட்கக்கூட அப்பனுக்கு ஒரு முகம் இல்லையே என்று அழுதாள்.

தேதியாவது கிடைத்ததே என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். "பெப்ரவரி பன்னெண்டு, சனிக்கிழமையாம்."

"சனிக்கிழமதான். அமாவாச," என்றாள் ரெங்கம்மா. "பருப்பும் பூசணிக்காயும் ஆக்கி வச்சிருந்தேன்."

"வார தை அமாவாசைக்கு அப்பாவுக்குக் கும்புட்டுருவோமாம்மா? அய்யர்கிட்ட கேட்டுட்டேன். கருமாதியும் அன்னைக்கே செய்யலாமாம்."

"நாலு செக்கன்தானே பாத்தானுங்க?"

"ஆமாம்மா. அசையலன்னு சொல்றாங்க."

"நாலு செக்கன்ல யாரு புள்ள எந்திரிப்பா? கட்டில்லருந்து எந்திரிக்க எனக்கு அஞ்சு நிமிசம் ஆவுது. அஞ்சாவது செக்கன யாரு பாத்தா?"

அந்த ஐந்தாவது செக்கன் எந்தக் கேசட்டிலும் இல்லை. உலகத்தில் யாரிடமும் இல்லை. தை அமாவாசை வந்தது, போயிற்று. ரெங்கம்மா சோறு ஆக்க விடவில்லை, கும்பிட விடவில்லை. சாபம் கொடுப்பது மட்டும் நின்றுபோயிருந்தது. ஓடிப்போனவனாக இருந்தவரைக்கும் அவனைத் திட்டவாவது வழி இருந்தது. இப்போது அவள் நாள் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு வேளைச் சோற்றுக்கு இரண்டு தடவை அதையே கேட்டாள். எந்திரிச்சிருப்பாரா? தண்ணிக்குக் கத்தியிருப்பாரா? கிட்டத்தானே இருந்தேன், எனக்குக் கேக்காமப் போச்சா? இல்லை என்று சொல்வதா, ஆமாம் என்று சொல்வதா, எதைச் சொன்னால் அவள் சோறு தின்பாள் என்று தெரியாமல் மகள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாசி முடிகிற சமயத்தில் தபாலில் ஒரு பொதி வந்தது. டென்மார்க் முத்திரை. மனம் மாறி அந்த முகத்தை அனுப்பிவிட்டார்கள் என்றே ஜீவராணி நினைத்தாள். பல்லால் கடித்துப் பிரித்தாள்.

உள்ளே ஒரு கறுப்பு டீசேர்ட். நெஞ்சில் பெரிதாக ஒரு வெள்ளை உருவம் அச்சடித்திருந்தது, ரப்பர் மாதிரித் தடித்த அச்சு. தலை கீழே, கால் மேலே, கை இரண்டும் விரிந்திருக்க, விழுகிற பொட்டலக்காரன். இலையில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. பொட்டலம் மட்டும் சிவப்பு. கூடவே ஒரு கடிதம். ஆதிலாவுக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டாள். உங்கள் அப்பாவின் நினைவுக்கு மரியாதையாக நூறு சேர்ட் மட்டும் அடித்திருக்கிறோம், முதலாவது உங்களுக்கு, என்று எழுதியிருந்ததாம்.

அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் அவள் எழுந்தாள்.

"என்ன வந்திருக்கு?" என்றாள் ரெங்கம்மா கட்டிலிலிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. சட்டை."

"யாரு அனுப்புனா? குடு இங்க."

கொடுக்காமல் இருக்க முடியவில்லை. ரெங்கம்மா அதை மடியில் விரித்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்ந்த விரல்கள் துணியின் மேல் போய், அச்சு தட்டுப்பட்டதும் நின்றன. பிறகு மெல்ல நகர்ந்தன. இலையைத் தடவின. அதற்குள்ளே தட்டையான சதுரம். சுற்றிய துணி, ஒன்று, இரண்டு. முடிச்சு.

"எடது பக்கந்தான். சரியாத்தான் போட்டிருக்கான்," என்றாள். "மூஞ்சி எங்க?"

ஜீவராணி கட்டிலுக்குக் கிட்டே போய் நின்றாள்.

"மூஞ்சி எங்க புள்ள?"

"கீழ இருக்கும்மா."

விரல்கள் கீழே இறங்கின. விரிந்த கை ஒன்று, மற்றது, தோள், கழுத்து, அப்புறம் தலை. தலை துணியின் அடிப்பக்கத்தில் தொங்கியது. அங்கேயிருந்து திரும்ப மேலே ஏறிப் போய்க் கால்களைத் தொட்டுப் பார்த்தன. ரெங்கம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவள் முகம் கோணியது.

"இவ்வளவு நாளா இப்புடியேவா வச்சிருக்கானுங்க அவர?"

சட்டையை இரண்டு கையாலும் தூக்கினாள். கழுத்துப் பக்கம் தன் முழங்காலுக்கும் அடிப்பக்கம் தன் நெஞ்சுக்கும் வருமாறு திருப்பி, மடியில் மறுபடி விரித்து, சுருக்கமெல்லாம் போக நீவிவிட்டாள். தலையைத் தொட்டுப் பார்த்தாள், மேலே இருந்தது. காலைத் தொட்டுப் பார்த்தாள், கீழே இருந்தது. விரல்களைக் காலிலேயே வைத்துக்கொண்டு மகள் நின்ற பக்கம் திரும்பினாள்.

"கால் தரையில படுதா பாரு."

ஜீவராணி குனிந்து பார்த்தாள். கால்களுக்குக் கீழே வெறும் கறுப்புத் துணிதான் இருந்தது.

"படுதும்மா," என்றாள்.